நின்றுபோன உடற்பயிற்சியை மறுபடி தொடங்குவது: முதல் 12 கிழமைகளுக்கான முழு வழிகாட்டி

ஒரு காலத்தில் ஒழுங்காக நடந்திருப்பீர்கள், ஓடியிருப்பீர்கள், பந்து விளையாடியிருப்பீர்கள். பிறகு வேலை, பிள்ளைகள், ஒரு சத்திரசிகிச்சை என்று ஏதோ ஒன்று வந்து மூன்று நான்கு வருடம் ஓடிவிட்டது. இப்போது திரும்பத் தொடங்க வேண்டும். அப்படியானவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஆறு வருட இடைவெளிக்குப் பிறகு திரும்பியவன். இரண்டு தடவை தொடங்கி நின்றேன், மூன்றாம் தடவைதான் நிலைத்தது. அதற்குப் பிறகு திருகோணமலை டச் பே கடற்கரையில் காலையில் சேரும் எங்கள் சிறு கூட்டத்துக்குப் பலர் வந்திருக்கிறார்கள், சிலர் நின்றும் போயிருக்கிறார்கள். நின்றவர்களில் சோம்பலால் நின்றவர்கள் குறைவு. மூன்றாம், நான்காம் கிழமையில் முழங்காலோ குதிக்காலோ பிடித்துக்கொண்டதால்தான் பலர் நின்றார்கள்.

காரணம் இதுதான். இதயமும் மூச்சும் சில கிழமைகளிலேயே தேறிவிடும். தசைநாணும் மூட்டும் எலும்பும் பாரத்துக்குப் பழக மாதக்கணக்கில் ஆகும். மூன்றாம் கிழமையில் மூச்சு வாங்காது, ‘இன்னும் கொஞ்சம் போகலாம்’ என்று மனம் சொல்லும், கால் அதற்கு ஆயத்தமாகியிருக்காது. முன்பு விளையாடியவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் கூட, ஏனென்றால் பழைய அளவு மனதில் அப்படியே இருக்கும்.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் நாட்கள், அடுத்து நிமிடங்கள், அதன் நடுவே பலப் பயிற்சி, கடைசியில்தான் வேகமும் ஏற்றமும்.

1. தொடங்குவதற்கு முன்: உடல், மருந்து, சப்பாத்து

40 வயதைத் தாண்டியவர்கள், பிரஷர், சீனி வருத்தம், இதய வருத்தம் உள்ளவர்கள், அண்மையில் சத்திரசிகிச்சை செய்தவர்கள் ஒரு தடவை வைத்தியரிடம் காட்டிவிட்டுத் தொடங்குங்கள். இரத்த அழுத்தம், இரத்தத்தில் சீனி இரண்டையும் அரச வைத்தியசாலைக் கிளினிக்கிலேயே பார்த்துக்கொள்ளலாம். ‘நடக்கத்தானே போகிறேன், இதற்கெல்லாம் எதற்கு?’ என்று நினைக்கலாம். அழுத்தம் மிக உயர்ந்திருந்தால் அதைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகே தொடங்கச் சொல்வார்கள். அது தெரியாமல் தொடங்கக் கூடாது.

குடிக்கும் மருந்துகளைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். இன்சுலின் போடுபவர்களுக்கும் கிளிபென்கிளமைட், கிளிக்லசைட் போன்ற சீனிக் குளிசை எடுப்பவர்களுக்கும் நடக்கும்போது சீனி திடீரென்று இறங்கலாம். அவர்கள் சட்டைப் பையில் நாலு டொபி இல்லாமல் வீட்டை விட்டு இறங்கக் கூடாது. பிரஷருக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் அட்டெனோலோல், பைசோப்ரோலோல் போன்றவை நாடித்துடிப்பைக் குறைத்து வைத்திருக்கும். ஆகவே அவற்றை எடுப்பவர்கள் கைக்கடிகாரம் காட்டும் துடிப்பை நம்பி வேகத்தைக் கூட்ட முடியாது. நீர் போகக் கொடுக்கும் குளிசை எடுப்பவர்கள் வெயில் நாளில் சீக்கிரம் சோர்ந்துவிடுவார்கள்.

அடுத்தது சப்பாத்து. எல்லோரும் செய்யும் பிழை, அலுமாரியில் வருடக்கணக்காக இருந்த பழைய சப்பாத்தை எடுத்து மாட்டுவது. பார்க்கப் புதிதுபோலவே இருக்கும். நம்முடைய கடற்கரைச் சூட்டிலும் ஈரத்திலும் பசை காய்ந்து, அடியில் உள்ள மெத்தை இறுகிப்போயிருக்கும். பத்து நிமிடம் நடந்ததும் அடி கழன்று கையில் வந்ததை நான் மூன்று பேரிடம் பார்த்திருக்கிறேன். சப்பாத்தை இரண்டு கையாலும் பிடித்து வளைத்துப் பாருங்கள். பசை விட்டிருந்தாலோ வெடிப்புத் தெரிந்தாலோ புதிதாக வாங்குங்கள்.

வாங்கப் போவதானால் பின்னேரத்தில் போங்கள். பகல் முழுவதும் நின்று நடந்தால் பாதம் சற்று வீங்கும், நடக்கும்போதும் அப்படியே வீங்கும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கைப்பெருவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். விலையைவிடக் காலுக்குப் பொருந்துவதே பெரிது.

2. நேரத்தையும் இடத்தையும் முதலே முடிவு செய்யுங்கள்

‘நேரம் கிடைக்கும்போது’ என்று வைத்தால் நடக்காது. காலை அல்லது மாலை, ஒன்றைத் தெரிவு செய்யுங்கள்.

காலை என்றால் நம் ஊரில் ஒரு சிக்கல் இருக்கிறது. நாம் கிழக்குக் கரை. சூரியன் வருடம் முழுவதும் 5.45-க்கும் 6.30-க்கும் இடையில் கடலிலிருந்து நேரே எழும்பும். கடற்கரையில் நிழல் கிடையாது. வைகாசி தொடங்கி ஆவணி வரை ஏழு மணிக்கே சுடும். ஆகவே விடியும்போதே இறங்கி, ஆறே முக்காலுக்குள் வீடு திரும்பும்படி வையுங்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டியவர்களுக்கு அந்த நேரம் சரிவராது. அவர்கள் மாலை ஐந்தரைக்குப் பிறகு, உட்துறைமுக வீதிப் பக்கமோ வீட்டு ஒழுங்கையிலோ நடக்கலாம்.

இடத்தில் பார்க்க வேண்டியது நிலம். தொடக்கத்துக்குச் சமமான, இறுகிய நிலம்தான் நல்லது. மெக்கெய்சர் மைதானம் போன்ற திறந்த திடல் கிடைத்தால் அதுவே சிறந்தது, வாகனத் தொல்லை இல்லை. கடற்கரை மணல் மென்மையாக இருப்பதால் காலுக்கு நல்லது என்று பலர் நம்புகிறார்கள். மெத்து மணலில் குதி ஒவ்வொரு அடியிலும் கீழே புதையும், கெண்டைக்காலும் குதிக்கு மேலே உள்ள தடித்த நாணும் கூடுதலாக உழைக்கும். அத்தோடு கரை கடலை நோக்கிச் சரிந்திருக்கும். ஒரே பக்கமாக நடந்தால் ஒரு கால் மேட்டிலும் மற்றக் கால் பள்ளத்திலும் போய் நாரி பிடிக்கும். மணலில்தான் நடப்பேன் என்பவர்கள் அலை நனைத்து இறுகிய பகுதியில், போன வழியே திரும்பி வாருங்கள். சீனி வருத்தத்தால் பாதம் மரத்தவர்கள் எக்காரணம் கொண்டும் வெறுங்காலோடு வேண்டாம். சிப்பி கீறினாலும் தெரியாது.

இருட்டில் நாய்த் தொல்லை உள்ள ஒழுங்கைகளைத் தவிர்த்துவிடுங்கள். தனியாகப் போக யோசிக்கும் பெண்கள் ஒருவரையாவது துணைக்குச் சேருங்கள். எங்களோடு வரும் ஒரு அக்கா நாலாம் வீட்டு மாமியைக் கூட்டிக்கொண்டுதான் தொடங்கினார். மாமி கேற்றடியில் நிற்பார் என்பதற்காகவே எழும்பிவிடுவேன் என்று சொல்வார்.

3. கிழமை 1, 2: நாட்களை மட்டும் கூட்டுங்கள்

இந்த இரண்டு கிழமையும் உங்கள் வேலை, கிழமைக்கு ஐந்து நாள் வீட்டை விட்டு இறங்குவது. மொத்தம் சுமார் 15 நிமிடம் போதும். போக ஏழு, வர ஏழு.

தூரத்தை வைத்துத் திரும்பாதீர்கள், நேரத்தை வைத்துத் திரும்புங்கள். ‘அந்தக் கோயில் வரை போய்த் திரும்புவோம்’ என்று வைத்தால், களைத்த நாளிலும் அதை முடிக்கப் பார்ப்பீர்கள், அல்லது இன்று முடியாது என்று முழுதாக விட்டுவிடுவீர்கள். கடிகாரம் ஏழு நிமிடம் காட்டியதும் எங்கே நின்றாலும் திரும்ப வேண்டும்.

வேகத்துக்கு ஒரே அளவுகோல் பேச்சு. பக்கத்தில் வருபவரோடு முழு வசனமாகப் பேச முடிய வேண்டும், பாட முடியாமல் இருக்க வேண்டும். பாட முடிந்தால் மெதுவாக நடக்கிறீர்கள். இரண்டு சொல்லுக்கு ஒரு தடவை மூச்சு வாங்கினால் மிதமிஞ்சிப் போகிறீர்கள். முதல் மூன்று நிமிடமும் கடைசி மூன்று நிமிடமும் கடைக்குப் போவது போல நடந்தால் போதும். தனியாக உடம்பைச் சூடேற்றும் பயிற்சி எதுவும் இந்தக் கட்டத்துக்குத் தேவையில்லை.

இது போதாது என்று உங்களுக்குத் தோன்றும். எல்லோருக்கும் தோன்றும். முன்பு மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடியவருக்கு 15 நிமிட நடை மனதுக்குப் பொறுக்காது. தயவுசெய்து பொறுங்கள். இந்த இரண்டு கிழமையில் பழக்கம்தான் உருவாகிறது. களைப்பும் நோவும் இல்லாமல் உருவானால்தான் அது தங்கும்.

4. கிழமை 3 முதல் 6 வரை: நிமிடங்களைக் கூட்டுங்கள்

மூன்றாம் கிழமை 20 நிமிடம். நான்காம் கிழமையும் அதே 20. ஐந்தாம் கிழமை 25, ஆறாம் கிழமை 30. நாட்கள் ஐந்து, வேகம் பழைய வேகம்.

நான்காம் கிழமையில் ஏன் கூட்டவில்லை? மூச்சுக்கும் நாணுக்கும் இடையே முன்னே சொன்ன இடைவெளி விரிவது அங்கேதான். மூச்சு இலேசாகிவிட்டது, நாண்கள் பின்னால் வந்துகொண்டிருக்கின்றன. ஒரு கிழமை நின்று கொடுத்தால் அவற்றுக்குச் சற்று அவகாசம் கிடைக்கும்.

ஆறாம் கிழமை முடிவில் 30 நிமிடம், ஐந்து நாள், மொத்தம் 150 நிமிடம் வரும். பெரியவர்களுக்குக் கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பும், இரண்டு நாளாவது தசைக்குப் பயிற்சியும் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டல் சொல்கிறது. அதன் கீழ் வரம்பை நீங்கள் ஓடாமலே தொட்டுவிட்டீர்கள். இதற்கு மேல் போக விருப்பமில்லாவிட்டால் இங்கேயே நின்று, ஐந்தாம் பகுதியில் உள்ளதை மட்டும் சேர்த்துக்கொண்டால் போதும்.

முழங்கால் தேய்வு உள்ளவர்கள் சித்திரைக்கும் புரட்டாதிக்கும் இடையே கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில், உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் இடுப்பளவு தண்ணீரில் நடக்கலாம். உடம்பின் பாரத்தைத் தண்ணீர் தாங்கும். வாடைக் காலத்தில் அது வேண்டாம், கடல் கரடுமுரடு.

5. பலப் பயிற்சி: மூன்றாம் கிழமையிலிருந்து, கிழமைக்கு இரண்டு நாள்

நடப்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் பகுதி இதுதான். முழங்காலைப் பாதுகாப்பது தொடைத் தசை. தொடை மெலிந்துபோய், நடை மட்டும் கூடினால் பாரம் முழுக்க மூட்டில் விழும். ஜிம் தேவையில்லை. ஒரு கதிரை, ஒரு சுவர், இரண்டு தண்ணீர்ப் போத்தல் போதும்.

கதிரையில் இருந்து எழும்புவது முதலாவது. கதிரையின் முதுகைச் சுவரோடு சேர்த்து வையுங்கள். நம் வீடுகளில் டைல்ஸ் தரை, பிளாஸ்டிக் கதிரை வழுக்கிப் பின்னால் போய்விடும். கைகளை நெஞ்சில் கட்டி, எழும்பி, மூன்று எண்ணும் நேரம் எடுத்து மெதுவாக இருங்கள். எட்டுத் தடவை, ஒரு நிமிட ஓய்வு, மறுபடி எட்டு. முடியாவிட்டால் கையை ஊன்றி எழும்புங்கள், அல்லது கதிரையில் ஒரு தலையணை போட்டு உயர்த்துங்கள்.

இரண்டாவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது. சுவரிலிருந்து ஒரு எட்டுத் தள்ளி நின்று, முழங்கையை மடக்கி நெஞ்சைச் சுவரருகே கொண்டுபோய்த் திரும்புங்கள். மூன்றாவது, சுவரைப் பிடித்துக்கொண்டு குதியை உயர்த்தி மெதுவாக இறக்குவது. குதிக்கு மேலே உள்ள நாணைப் பலப்படுத்த இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. நான்காவது, பாயில் மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பை உயர்த்துவது. ஐந்தாவது, ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலை ஒரு கையில் பிடித்து, மற்றக் கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, போத்தலை இடுப்புவரை இழுப்பது. எல்லாம் எட்டெட்டாக இரண்டு தடவை. இருபது நிமிடத்தில் முடிந்துவிடும்.

இரண்டு நாளுக்கும் நடுவே ஒரு நாளாவது இடைவெளி விடுங்கள், தசை தன்னைத் திருத்திக்கொள்வது ஓய்வில்தான். மூச்சை அடக்காதீர்கள். எழும்பும்போது மூச்சை விட்டு, இருக்கும்போது இழுக்க வேண்டும். அடக்கினால் இரத்த அழுத்தம் சட்டென்று ஏறும்.

எட்டு இலேசானதும் பத்து, பிறகு பன்னிரண்டு. ஒரே நாளில் ஐம்பது அறுபது என்று பந்தயம் கட்டிச் செய்வது மிக ஆபத்தான விடயம். அளவுக்கு மீறிய உழைப்பால் தசை சிதைந்து அதன் கழிவு சிறுநீரகத்தை அடைத்துவிடலாம். அப்படிச் செய்த பிறகு தசை வீங்கிக் கடும் நோ இருந்து, சிறுநீர் கோலா நிறத்தில் போனால் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

6. கிழமை 7 முதல் 12 வரை: வேகம், ஏற்றம், ஓட்டம்

ஏழாம், எட்டாம் கிழமையில், 30 நிமிட நடையின் நடுவே ஒரு நிமிடம் விரைவாக, இரண்டு நிமிடம் வழக்கம்போல என்று ஐந்து தடவை. கிழமையில் இரண்டு நாள் மட்டும்.

பிறகு ஏற்றம். நமக்கு அதற்கென்றே ஒரு பாதை இருக்கிறது. பிரட்ரிக் கோட்டை வாசலால் நுழைந்து, மான்கள் மேயும் மரநிழலைத் தாண்டித் திருக்கோணேஸ்வரம் வரை ஏறும் பாதை. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் முதல் கிழமையிலேயே இதில் ஏறிப் பார்க்கிறார்கள். ஏறும்போது மூச்சு வாங்கும், மேலே காற்றில் நின்றதும் சரியாகிவிடும், உற்சாகத்தோடு விறுவிறென்று இறங்குவார்கள். மறுநாள் பெரிதாகத் தெரியாது. அதற்கு அடுத்த நாள் படியில் இறங்க முடியாமல் தொடை பிடித்திருக்கும்.

தசையை அதிகம் நோகவைப்பது இறக்கம்தான். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்க வேண்டியிருக்கிறது, அதில்தான் தசை இழைகளில் நுண்ணிய கிழிவு கூடுதலாக ஏற்படும். ஆகவே முதல் தடவை பாதித் தூரம் ஏறித் திரும்புங்கள். இறங்கும்போது குட்டிக் குட்டி எட்டுகளாக வையுங்கள், முழங்கால் சற்று மடங்கியபடி. அடுத்த கிழமை முக்கால், அதற்கடுத்த கிழமை முழுவதும். உவர்மலைப் பக்கம் இருப்பவர்களுக்கு ஏற்றம் வாசலிலேயே உண்டு, அவர்களுக்கும் இதே கணக்கு.

ஓட விரும்புபவர்கள் ஒன்பதாம் கிழமையில் தொடங்கலாம். ஒரு நிமிடம் மெல்லோட்டம், இரண்டு நிமிடம் நடை, ஆறு தடவை. ஒரு நாள் விட்டு ஒரு நாள். பத்தாம் கிழமையும் அதுவே. பதினொன்றில் இரண்டு நிமிட ஓட்டம், இரண்டு நிமிட நடை. பன்னிரண்டாம் கிழமை முடியும்போது கால் எதுவும் சொல்லாவிட்டால் ஓட்டத்தை மூன்று நிமிடமாக்குங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மென்பந்துக் கிரிக்கெட்டுக்கும் உதைபந்துக்கும் நேரே இறங்கும் தம்பிமாருக்கு ஒரு வார்த்தை. நடையும் பலப் பயிற்சியும் செய்யாமல், வருடக்கணக்கில் நாற்காலியில் இருந்த உடம்போடு திடீர் ஓட்டம் ஓடினால்தான் குதிநாண் அறுவதும் பின்தொடைத் தசை கிழிவதும் நடக்கிறது. பந்துக்காகச் சட்டென்று பாய்வது, சட்டென்று நிற்பது, இரண்டுமே நாணுக்கு உச்சப் பாரம். எட்டுக் கிழமை பொறுத்து, இடையிடையே வேகமாக ஓடிப் பழகிவிட்டு இறங்குங்கள்.

7. நோவைப் பிரித்தறிவது

இரண்டு காலிலும் ஒரேமாதிரி, தசையின் சதைப்பகுதியில், மறுநாள் தொடங்கி இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய் இறங்கும் நோ பயப்பட வேண்டியதல்ல. மெதுவாக நடங்கள், கலையும். கன்னியா வெந்நீர்க் கிணற்றடியில் குளித்தால் இதமாக இருக்கும், குளியுங்கள். நாணும் மூட்டும் பிடித்த நோவை வெந்நீர் தீர்க்காது.

ஒரு பக்கம் மட்டும், விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஓர் இடத்தில், நடக்க நடக்கக் கூடும் நோ வேறு சாதி. வீக்கம், சூடு இருந்தாலும் அப்படித்தான். பத்துக்கு எத்தனை என்று உங்களையே கேளுங்கள். மூன்றுக்குள் இருந்து, மறுநாள் காலையில் பழைய நிலைக்கு வந்துவிட்டால் அளவைக் குறைத்துத் தொடரலாம். மூன்றைத் தாண்டினாலோ, காலையில் நொண்டினாலோ நிறுத்துங்கள். ஒரு கிழமை ஓய்வுக்குப் பிறகும் இருந்தால் காட்டுங்கள்.

காலையில் கட்டிலால் இறங்கி வைக்கும் முதல் அடியில் குதி குத்தினால் அது பாதத்தின் அடியில் உள்ள தடித்த நார் இழுபட்ட நோ. வீட்டுக்குள்ளும் மெத்துச் செருப்புப் போடுங்கள், டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நிற்பது அதைக் கூட்டும். தண்ணீரை உறையவைத்த சிறு போத்தலைப் பாதத்தடியில் உருட்டினால் ஆறுதல் கிடைக்கும்.

நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் நோ, குளிர்ந்த வியர்வை, தலைசுற்று வந்தால் அங்கேயே இருந்துவிடுங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்பியுலன்ஸ் இலவசமாக வரும். நடக்கும்போது நெஞ்சை அடைத்து, நின்றால் விட்டுவிடும் நோவையும் வாய்வு என்று ஒதுக்காமல் அன்றே வைத்தியரிடம் சொல்லுங்கள்.

8. வெயில், தண்ணீர், சாப்பாடு

உடம்பு சூட்டுக்குப் பழக ஒன்று முதல் இரண்டு கிழமை ஆகும். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் கூடுதல் கவனம் வேண்டும். அந்தக் காய்ந்த காற்று வியர்வையை உடனுக்குடன் உலர்த்திவிடும். சட்டை நனையாததால் வியர்க்கவில்லை என்று நினைப்போம், உள்ளே தண்ணீர் போய்க்கொண்டிருக்கும். இறங்குமுன் ஒரு தம்ளர், வந்ததும் இரண்டு தம்ளர். அரை மணி நேர நடைக்குத் தண்ணீரே போதும், விளையாட்டுப் பானம் வேண்டியதில்லை. செவ்விளநீர் நல்லது. சீனி வருத்தமோ சிறுநீரக வருத்தமோ உள்ளவர்கள் மட்டும் வைத்தியரைக் கேட்டுக் குடியுங்கள்.

காலையில் ஒரு பிளேன்ரீயோடு இறங்கலாம். சீனிக் குளிசை எடுப்பவர்கள் ஒரு வாழைப்பழமாவது சாப்பிட்டுவிட்டுத்தான். நோன்பு காலத்தில் நடையை நோன்பு திறந்து ஒரு மணி நேரத்துக்குப் பிறகு வைத்துக்கொள்வது இலேசு என்று கூட வரும் முஸ்லிம் நண்பர்கள் சொல்கிறார்கள்.

மெலிய வேண்டும் என்று தொடங்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 70 கிலோ எடையுள்ளவர் அரை மணி நேரம் நடந்தால் போகும் சக்தி சுமார் 120 முதல் 150 கலோரி. வரும் வழியில் ஒரு உளுந்து வடையும் சீனி போட்ட பால்தேநீரும் எடுத்தால் அது திரும்ப வந்துவிடும். அதனால் முதல் இரண்டு மாதம் தராசைப் பார்க்காதீர்கள். இடுப்பை நாடாவால் அளந்து எழுதி வையுங்கள். தசைக்கு வேண்டிய புரதத்துக்குப் பொடி வாங்கத் தேவையில்லை. சூடை மீனும் முட்டையும் அவித்த பயறும் கடலையும் இருக்கின்றன. சோற்றில் ஒரு பிடியைக் குறைத்து அவற்றைக் கூட்டுங்கள்.

9. மழைக்காலமும் தவறிய நாட்களும்

ஐப்பசி தொடங்கி மார்கழி, தை வரை நமக்கு மழை. முன்கூட்டியே மாற்று வழி வைத்திராவிட்டால் எல்லாம் அங்கே நின்றுபோகும். மழை நாளில் விறாந்தையில் 15 நிமிடம் நடை, ஐந்தாம் பகுதிப் பயிற்சி ஒரு சுற்று, மறுபடி பத்து நிமிடம் நடை. ஒரே திசையில் சுற்றாமல் இடையில் திசையை மாற்றுங்கள். ஈரமான டைல்ஸில் வேண்டாம்.

தவறினால் எங்கே இருந்து தொடர்வது என்பதுதான் பலருக்குத் தெரியாமல் போகிறது. மூன்று நான்கு நாள் தவறினால் விட்ட அளவிலேயே தொடருங்கள், ஈடுசெய்ய இரட்டிப்பு நடக்காதீர்கள். ஒரு கிழமை தவறினால் ஒரு கிழமை பின்னால் போங்கள். இரண்டு முதல் நாலு கிழமை என்றால் நிமிடங்களைப் பாதியாக்குங்கள். அதற்கு மேல் என்றால் முதல் கிழமையிலிருந்து. இரண்டாம் தடவை விரைவாக ஏறுவீர்கள், தசை முன்பு கற்றதை இலேசில் மறக்காது.

காய்ச்சலோடு ஒருநாளும் இறங்க வேண்டாம். சாதாரணத் தடிமன் என்றால் முழுதாகச் சுகமான மறுநாள் பாதி நேரம் நடக்கலாம். டெங்கு வந்தவர்கள் காய்ச்சல் விட்டதும் தொடங்கக் கூடாது, காய்ச்சல் இறங்கும் அந்த நாட்கள்தான் அதில் ஆபத்தானவை. இரத்தப் பரிசோதனை சரியாகி, வைத்தியர் போகலாம் என்று சொல்லி, வீட்டு வேலையைக் களைப்பில்லாமல் செய்ய முடிந்த பிறகு, முதல் கிழமையின் 15 நிமிடத்திலிருந்து தொடங்குங்கள்.